ஆறடி இரண்டங்குலம்

பிரெஞ்சுக் கூடைப்பந்து ஆட்டக்காரர் டோனி பார்க்கரின் உயரம் 188 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஆறடி இரண்டங்குலம். இந்த உயரத்தில் ஒரு பையன் பாண்டியிலோ கடலூரிலோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பி.டி. மாஸ்டர் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார். "நீ போய் ரிங்குக்குக் கீழ நில்லு" என்பார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவன் 'போஸ்ட்'. பந்து வந்தால் வாங்குவான், திரும்புவான், போடுவான். என்றைக்காவது ஆசைப்பட்டு பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்துகொண்டு நடுக்கோட்டைத் தாண்டினால் விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள். அது குட்டைப் பையன்களின் வேலை.

அதே உயரத்தோடு அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போன பார்க்கரை அங்கே எல்லாரும் சின்னப் பையனாகத்தான் பார்த்தார்கள். 18 சீசன் ஆடினார். அதில் 17 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு. நான்கு முறை சாம்பியன், ஆறு முறை ஆல்-ஸ்டார். 2023-இல் ஹால் ஆஃப் ஃபேம். இதெல்லாம் ஒரு தேடலில் கிடைத்துவிடும். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது வேறு. பார்க்கர் என்றாலே எல்லாரும் வேகம், வேகம் என்கிறார்கள். வேகமான பையன்கள் லாஸ்பேட்டையில்கூட இருக்கிறார்கள். பார்க்கருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம், அவர் வளர்ந்த இடத்தில் யாரும் அவரை ரிங்குக்குக் கீழே நிறுத்தாதது. மீதியெல்லாம், திட்டு வாங்கிக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்ளச் சம்மதித்ததால் வந்தது.

நான் காலேஜ் வரை பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆடியவன். உயரம் ஐந்தடி ஏழு. எனவே இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பார்க்கர் எங்கள் வீட்டுக்குள் வந்தது பெரியப்பா வழியாக. பெரியப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த வீடு எழுதிக் கொடுத்த வீடு; எங்கள் வீடு எழுதிக் கொடுக்காத வீடு. பாண்டியில் பாதிக் குடும்பக் கதைகள் இந்த ஒரு வரியில்தான் பிரியும். அவர்கள் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் சார்செல், கார்ஜ் என்று போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் முத்தியால்பேட்டையிலேயே இருந்துவிட்டோம்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த விளையாட்டு இரண்டுதான். ஒன்று கால்பந்து, இன்னொன்று சாயங்காலம் மற்ற பென்ஷன்காரர்களோடு இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க். கூடைப்பந்து அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஒருநாள் பிரெஞ்சுச் சேனலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "டேய், உன் ஆட்டத்துல நம்ம பையன் ஒருத்தன் அமெரிக்காவுல கலக்குறானாமே" என்றார். எந்த நம்ம பையன் என்று போய்ப் பார்த்தால் பார்க்கர். ஜிதான் 1998-இல் உலகக் கோப்பை வாங்கியதிலிருந்தே நீல ஜெர்சி போட்ட எல்லாரும் பெரியப்பாவுக்கு நம்ம பையன்தான்.

ஆனால் அந்தப் பையன் எந்த ஊர் என்று கேட்டால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறந்தது பெல்ஜியத்தில், ப்ரூஷ் நகரத்தில், 1982 மே 17 அன்று. அப்பா அமெரிக்கக் கறுப்பினத்தவர். சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு ஐரோப்பாவில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க வந்தவர். அம்மா நெதர்லாந்துக்காரர், மாடலாக இருந்தவர். அப்பாவுக்கு எந்த ஊர் கிளப்பில் வேலையோ அங்கே குடும்பம். பிள்ளைகள் வளர்ந்தது பிரான்சில். தம்பிகள் இரண்டு பேர், டி.ஜே., பியர். இருவரும் பின்னாளில் கூடைப்பந்து ஆடினார்கள். இந்த முழு விவரத்தையும் நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் மட்டும் என்ன, பாரிஸ்லயா பொறந்தேன்?" என்றார்.

சின்ன வயதில் பார்க்கருக்கும் கால்பந்துதான் பிடித்தது. கோடை விடுமுறையில் அப்பாவின் ஊரான சிகாகோவுக்குப் போனபோது மைக்கேல் ஜார்டன் பைத்தியம் பிடித்துக்கொண்டது. உருவம் சின்னது, பந்து கையில் நன்றாக நிற்கிறது. அதனால் கார்டு. பாரிசில் இன்செப் என்று ஒரு தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்து, படிப்பையும் ஆட்டத்தையும் ஒரே இடத்தில் சொல்லித்தருவார்கள். பார்க்கர் அங்கே சேர்ந்தார். போரிஸ் டியா, ரோனி டுரியாஃப் இருவரும் அங்கே கூட்டாளிகள். மூன்று பேருமே பிறகு என்.பி.ஏ. போனார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் பக்கத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்கு ஆள் பஞ்சம் கிடையாது. தேசியப் போட்டிகளில் தமிழ்நாடு எப்போதும் பலமான அணி. நெய்வேலியிலும் உப்பளம் மைதானத்திலும் ஆடிய பையன்களில் கண்ணைக் கவர்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே ஆட்டத்தை நம்பிப் பிழைப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. ஐ.ஓ.பி., தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். என்று ஏதாவது ஒன்றில் உள்ளே போய்விட்டால் வீட்டில் நிம்மதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் கரையேறியிருக்கின்றன. ஆனால் 19 வயதில் வேலைக்கு எடுக்கிற அணி, 19 வயதில் ஆடத் தெரிந்தவனைத்தான் எடுக்கும். 15 வயதுப் பையனின் இடது கையைப் பொறுமையாகத் திருத்திக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை. உயரம் ஒன்றுதான் சீக்கிரம் தெரிகிற தகுதி. என்.பி.ஏ. அணிகள் வருஷா வருஷம் புது ஆட்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியரே ஏழடி இரண்டங்குலக்காரர்தான்: பஞ்சாபின் சத்னாம் சிங், 2015-இல் டல்லாஸ் மாவரிக்ஸ் 52-ஆவது ஆளாக எடுத்தது. என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனார். பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

சரி, பார்க்கருக்கு வருவோம். 2000-இல் இண்டியானாபோலிசில் நடந்த நைக்கி ஹூப் சம்மிட் ஆட்டத்தில் அமெரிக்க இளைஞர் அணிக்கு எதிராக 20 புள்ளி எடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன. போகவில்லை. பாரிஸ் பாஸ்கெட் ரேசிங் அணியோடு தொழில்முறை ஆட்டக்காரராகவே இருந்தார். இந்த முடிவு அப்போது பெரிய துணிச்சல். ஐரோப்பாவிலிருந்து உயரமான ஆட்களை எடுக்க அமெரிக்கர்கள் பழகியிருந்தார்கள். பந்தைக் கொண்டுபோகிற கார்டை, அதுவும் பிரான்சிலிருந்து, யாரும் நம்பவில்லை. அவருக்கு முன்னால் என்.பி.ஏ. ஆடிய பிரெஞ்சுக்காரர்கள் இரண்டே பேர்.

ஸ்பர்ஸ் கோச் கிரெக் போபோவிச்சும் நம்பாதவர்களில் ஒருவர். 2001-இல் டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் பார்க்கரை வரச்சொல்லி ஆடவிட்டுப் பார்த்தார்கள். எதிரே லான்ஸ் பிளாங்க்ஸ் என்று ஸ்பர்சுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட். தானே முன்பு என்.பி.ஏ. ஆடியவர். தோளால் இடித்து, கையைத் தட்டி, பையனை ஒரு வழி பண்ணிவிட்டார். போபோவிச் பத்து நிமிடத்திலேயே போதும் என்று எழுந்துவிட்டார், பையன் மென்மையானவன் என்று. கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த அலுவலகத்தில் அப்போது சாம் ப்ரெஸ்டி என்று ஒரு கத்துக்குட்டி வேலையில் இருந்தான். அவன் பார்க்கர் நன்றாக ஆடிய ஆட்டங்களைத் தேடித் தொகுத்து ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். சரி, இன்னொரு தடவை கூப்பிடு என்றார் போபோவிச். இரண்டாவது தடவை சான் அன்டோனியோவில். இந்த முறை பார்க்கர் திருப்பி இடித்தார். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 28-ஆவதாக ஸ்பர்ஸ் எடுத்தது. அந்த ப்ரெஸ்டி பின்னாளில் ஓக்லஹோமா சிட்டி அணியையே கட்டிய நிர்வாகி ஆனார். நான் எப்போதும் யோசிப்பது அந்த வீடியோவைத்தான். நம் பையன்களுக்கு இரண்டாவது தடவை கூப்பிட வைக்கிற ஆள் யார் இருக்கிறார்கள்?

சீசன் ஆரம்பித்து ஐந்தாவது ஆட்டத்திலேயே 19 வயதுப் பையன் முதல் ஐவரில் ஒருவன். அப்போதே திட்டு ஆரம்பித்துவிட்டது. போபோவிச் அமெரிக்க விமானப்படை அகாடமியில் படித்தவர். டிம் டங்கன் மாதிரி பெரிய ஆட்டக்காரரையே எல்லார் முன்னாலும் கத்துவார். பார்க்கரைக் கேட்கவே வேண்டாம். பாயின்ட் கார்டின் தலையெழுத்தே அது. போஸ்ட் தப்பு செய்தால் ஷாட் தவறியது என்பார்கள். பாயின்ட் கார்டு தப்பு செய்தால் 'உனக்கு மூளை இருக்கா' என்பார்கள். கோர்ட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. அந்த வசவு என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

2003-இல் ஸ்பர்ஸ் நியூஜெர்சி நெட்சை 4–2 என்று வென்று சாம்பியன் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் 21 வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கோப்பை உறுதியான ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பார்க்கர் பெஞ்சில். கோர்ட்டில் இருந்தது ஸ்பீடி கிளாக்ஸ்டன் என்கிற மாற்று ஆட்டக்காரர். இது போதாதென்று அந்தக் கோடையில் ஸ்பர்ஸ் ஒரு காரியம் செய்தது. தாங்கள் அப்போதுதான் தோற்கடித்த நெட்சின் பாயின்ட் கார்டு ஜேசன் கிட்டை அழைத்துப் பேச்சுவார்த்தை நடத்தியது. அதாவது, "நாங்கள் ஜெயித்துவிட்டோம், ஆனாலும் உன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறோம்." அதுவும் மறைவாக இல்லை, பத்திரிகையெல்லாம் இதே பேச்சு. கடைசியில் கிட் நெட்சிலேயே இருந்துவிட்டார். பார்க்கர் தப்பித்தார்.

எனக்கு இந்த இடம் முக்கியம். நான்கு கோப்பைகளைவிட முக்கியம் என்றே சொல்வேன். இப்படி ஒரு அவமானத்துக்குப் பிறகு ஆள் இரண்டு விதமாகப் போகலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு அணிக்குக் கேட்கலாம். யாரும் தப்புச் சொல்ல முடியாது. பார்க்கர் வருத்தத்தை மறைக்கவில்லை, பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அதே கோச்சிடம் திரும்பப் போய், அதே வசவை வாங்கி, 15 வருஷம் ஆடினார். டங்கன், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி, பார்க்கர் மூவரும் சேர்ந்து ஆடி வென்றவை சீசனில் 575 ஆட்டங்கள், சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளே-ஆஃபில் 126. என்.பி.ஏ. வரலாற்றில் எந்த மூவரும் அதற்குமுன் இவ்வளவு வென்றதில்லை.

இனி அவருடைய கைவேலையைப் பற்றி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ரிங் பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதன் கீழே ஏழடி ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆறடி இரண்டங்குலக்காரன் உள்ளே ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து லே-அப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவன் எந்த இடத்தில் எகிறுவான் என்று காலைக் கணக்குப் பார்த்து, அவன் கை நீளும்போது அறைந்து வெளியே தள்ளுவார்கள். பார்க்கர் செய்தது, அந்தக் கணக்கைக் கெடுத்ததுதான். ரிங்குக்கு இன்னும் ஆறேழு அடி இருக்கும்போதே, வேகம் குறையாமல், ஒற்றைக் காலில் எழும்பி பந்தை உள்ளங்கையிலிருந்து மேலே விட்டுவிடுவார். கீழே தெருவிலிருந்து மாடியில் நிற்பவருக்குச் சாவியைத் தூக்கிப் போடுவோமே, அந்த மாதிரி, முரட்டுத்தனம் எதுவும் இல்லாமல். பந்து உயரமான ஆளின் விரலுக்கு மேலே ஏறி, அங்கிருந்து நேராக வலைக்குள் இறங்கும். ஃப்ளோட்டர் என்பார்கள், டியர்டிராப் என்பார்கள்.

இதில் விதிமுறையும் அவருக்குத் துணை. ரிங்கை நோக்கி இறங்க ஆரம்பித்த பந்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் புள்ளி. அதனால் தடுப்பவனுக்குக் கிடைப்பது பந்து ஏறுகிற அந்தக் கண நேரம் மட்டும்தான். பந்து எப்போது கையை விட்டுப் போகும் என்று தெரியாதபோது அந்தக் கண நேரமும் இல்லை. உயரமானவன் இரண்டடி முன்னால் வந்து தடுக்கலாம் என்று பார்த்தால், பின்னால் டங்கன் காலியாக நிற்பார், பந்து அவருக்குப் போய்விடும். டங்கன் வந்து எதிராளியின் வழியை மறித்து ஸ்கிரீன் போடுவது, பார்க்கர் அவர் தோளை உரசிக்கொண்டு திரும்புவது, இரண்டு எதிராளிகளில் யார் யாரைப் பிடிப்பது என்று குழம்புகிற அரை நொடியில் முடிவெடுப்பது. 15 வருஷம் இதையேதான் செய்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாராலும் நிறுத்த முடியவில்லை. விளைவாக, ரிங்குக்குக் கீழே பெரிய ஆட்களுக்கென்று எழுதிவைத்த 'பெயின்ட்' பகுதியில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுப்பவர்கள் பட்டியலில் இந்தக் குட்டை மனிதர் மேலே இருந்தார். 2005–06 சீசனில் அவர் எறிந்ததில் 54.8 சதவீதம் உள்ளே விழுந்தது. ஒரு கார்டுக்கு இது அபூர்வமான கணக்கு.

அந்த 54.8-க்குப் பின்னால் இன்னொரு ஆள் உண்டு. 2005-இல் சிப் எங்கலண்ட் என்கிற ஷூட்டிங் கோச்சை ஸ்பர்ஸ் சேர்த்தது. அவர் பார்க்கர் பந்தைப் பிடிப்பதையே மாற்றினார். கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து. கூடவே மூன்று புள்ளி எறிவதைக் கிட்டத்தட்ட நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு முறை சாம்பியன் ஆன ஒருவரிடம் போய், நீ பந்தைப் பிடிப்பதே சரியில்லை, தூரத்திலிருந்து எறியாதே என்று சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? இங்கே மாவட்ட அளவில் ஒரு மெடல் வாங்கிய பையனிடம் சொல்லிப் பாருங்கள்.

கார்ஜில் இருக்கிற என் பெரியப்பா பேரன் ஒரு கோடையில் பாண்டிக்கு வந்திருந்தான். பதிமூன்று வயதிலேயே என்னைவிட ஒரு பிடி உயரம். மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நம் பையன்கள் வழக்கம்போல அவனை உள்ளே போய் நிற்கச் சொன்னார்கள். அவனுக்குத் தமிழ் அரைகுறை. என்ன சொல்கிறார்கள் என்றே புரியாமல், பந்தை வாங்கிக்கொண்டு டிரிபிள் செய்து எல்லாரையும் தாண்டிப் போய் இடது கையால் ஃப்ளோட்டர் போட்டான். போர்டில் பட்டு வெளியே வந்துவிட்டது என்பது வேறு விஷயம். அவன் ஊர் கிளப்பில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடத்திலும் மாறி மாறி ஆட வேண்டுமாம். உயரம் என்ன ஆகும் என்று பதிமூன்று வயதில் யாருக்குத் தெரியும் என்று அவன் கோச் சொன்னாராம். சாதாரண புறநகர் கிளப்.

2007-ஐ வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளீவ்லண்டை 4–0 என்று துடைத்து எடுத்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்சுக்கு அதுதான் முதல் ஃபைனல்ஸ். பார்க்கர் சராசரி 24.5 புள்ளி. ஃபைனல்சின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய முதல் ஐரோப்பியர் அவர்தான். அடுத்த மாதமே நடிகை ஈவா லாங்கோரியாவோடு கல்யாணம், 2011-இல் விவாகரத்து. பிரெஞ்சில் ஒரு ராப் ஆல்பமும் போட்டார். அதைக் கேட்டேன். அவர் கூடைப்பந்திலேயே இருந்தது நல்லது. 2008 நவம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக இரண்டு ஓவர்டைம் போன ஆட்டத்தில் 55 புள்ளி எடுத்தார். அதுதான் அவருடைய உச்சம்.

என்.பி.ஏ. ஃபைனல்ஸ் நமக்கு ஜூன் மாதக் காலையில் வரும். ஆறரைக்கு ஆரம்பம். அந்த நேரத்திலேயே பாண்டியில் வெயில் சுள்ளென்று இருக்கும். ஆபீசுக்கு ஒன்பதரைக்குள் போக வேண்டும். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் வீட்டில் சண்டை. 2013 ஃபைனல்சில் எதிரணி மியாமி, லெப்ரானின் மியாமி. முதல் ஆட்டத்தின் கடைசியில் ஸ்பர்ஸ் இரண்டு புள்ளி முன்னால். பந்து பார்க்கரிடம். இந்தப் பக்கம் ஓடுகிறார், அந்தப் பக்கம் ஓடுகிறார், வழுக்குகிறார், ஒரு முழங்கால் தரையில், எழுகிறார், லெப்ரான் மேலே கவிந்துகொண்டு நிற்கிறார். எறிய மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டுகிற ஷாட் கிளாக் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் கைக்குக் கீழே நுழைந்து எறிந்தார். போர்டில் பட்டு உள்ளே. ஆட்டம் முடிய 5.2 நொடி பாக்கி. 92–88.

ஆறாவது ஆட்டத்திலும் கடிகாரம் 5.2 நொடியில்தான் நின்றது, ஆனால் வேறு பக்கத்துக்கு. ஸ்பர்ஸ் 3–2 என்று முன்னிலை. கடைசி ஒன்றரை நிமிடத்தில் பார்க்கர் லெப்ரானின் முகத்துக்கு நேராக மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். அடுத்த முறை பந்தைத் தட்டிப் பறித்து, சுழன்று இன்னொன்று. 28 நொடி இருக்கும்போது ஐந்து புள்ளி முன்னிலை. சாம்பியனுக்குப் பரிசு கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் மியாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓவர்டைமில் 103–100, ஏழாவது ஆட்டமும் போனது.

அடுத்த வருஷம் அதே மியாமியை 4–1 என்று அடித்தார்கள். பந்து கையில் நிற்காமல் ஐந்து பேரிடமும் சுற்றுகிற அந்த 2014 ஆட்டம் இருக்கிறதே, கூடைப்பந்து தெரியாதவருக்குக் காட்ட அதைவிட நல்லது என்னிடம் இல்லை. இன்செப் கூட்டாளி போரிஸ் டியாவும் அந்த அணியில் இருந்தார்.

2017 மே மாதம், ஹூஸ்டனுக்கு எதிராக, ஃப்ளோட்டர் போட்டு இறங்கும்போது இடது தொடைத் தசைநார் அறுந்தது. 35-ஐ நெருங்கிய கார்டுக்கு இது ஓய்வுச் சீட்டு. நவம்பர் கடைசியில் திரும்ப வந்துவிட்டார். ஆனால் வேகம் திரும்ப வரவில்லை. 2018 ஜனவரியில் போபோவிச் அவரைக் கூப்பிட்டு, இனி டெஜான்டே மர்ரேதான் முதலில் இறங்குவான் என்றார். 21 வயதுப் பையன். பார்க்கர் சரி என்றார். மர்ரேவுக்கு என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன் என்றார், செய்யவும் செய்தார். ஜேசன் கிட் விஷயத்தில் தன் இடத்துக்காக அழாத குறையாக இருந்த அதே ஆள். நம் ஊர் அணிகளில் சீனியர்கள் இடம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். பெயர் வேண்டாம், எல்லாரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசி சீசனை ஷார்லட் அணிக்கு ஆடினார். அதன் அப்போதைய முதலாளி, சிகாகோவில் அந்தச் சின்னப் பையனைப் பைத்தியமாக்கிய அதே மைக்கேல் ஜார்டன். 2019 ஜூனில் போதும் என்று அறிவித்தார். கோப்பைக்கு ஆட முடியாவிட்டால், பழைய டோனி பார்க்கராக இருக்க முடியாவிட்டால், ஆடுவதில் அர்த்தம் இல்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அந்த நவம்பரில் ஸ்பர்ஸ் அவருடைய 9-ஆம் எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று மேலே ஏற்றியது.

ஆடும்போதே பிரான்சில் வில்லர்பான் நகரத்தின் அஸ்வெல் கிளப்பில் பங்கு வாங்கி, 2014-இல் பெரும்பங்குக்காரராகவும் தலைவராகவும் ஆகியிருந்தார். 2021–22 சீசனில் அந்தக் கிளப்புக்கு ஆடிய பதின்வயதுப் பையன் விக்டர் வெம்பன்யாமா. 224 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் அவன் பந்தை டிரிபிள் செய்துகொண்டு நடுக்கோட்டைத் தாண்டுகிறான், தூரத்திலிருந்து எறிகிறான், யாரும் விசில் ஊதவில்லை. 2023 ஜூனில் ஸ்பர்ஸ் அவனை டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. ஆகஸ்டில் பார்க்கரும் போபோவிச்சும் ஒரே மேடையில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்கள்.

பார்க்கரை இதுவரை பார்த்ததே இல்லை, ஒரே ஒரு ஆட்டம் சொல் என்று யாராவது கேட்டால், என்.பி.ஏ. ஆட்டம் எதையும் சொல்ல மாட்டேன். 2013 யூரோபாஸ்கெட் அரையிறுதி, பிரான்ஸ்–ஸ்பெயின். ஸ்பெயின் அவர்களுக்குப் பரம்பரைப் பகை. 2011 ஐரோப்பிய இறுதியிலும் 2012 ஒலிம்பிக் காலிறுதியிலும் பிரான்சை வீட்டுக்கு அனுப்பிய அணி. இங்கேயும் பாதி ஆட்டத்தில் 34–20 என்று ஸ்பெயின் முன்னால். எழுந்து போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றும். படுக்காதீர்கள். இரண்டாம் பாதியில் பார்க்கர் உள்ளே நுழைய ஆரம்பிக்கிறார், ஒவ்வொரு முறையும் அதே வழி, அதே ஒற்றைக் கால். மொத்தம் 32 புள்ளி. ஓவர்டைமில் 75–72. இறுதியில் லித்துவேனியாவை 80–66 என்று வென்று பிரான்ஸ் முதல்முறை ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.